கப்பல் பயணத்துக்கு ஜிப்லாக் கவரில் துணி கட்டியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

பெரம்பூர்வாசி:

சிங்கப்பூரில் ஏறி, பினாங், புக்கெட் போய், நான்கு இரவு கழித்து மறுபடி சிங்கப்பூரிலேயே இறக்கிவிடும் கப்பலில் போய் வந்தோம். நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், மாமியார். கப்பலைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது பெட்டி கட்டின கதை.

என் நாத்தனார் ஏற்கெனவே இரண்டு தடவை போனவர். "துணியை அப்படியே அடுக்காதே, ஜிப்லாக் கவர்ல போட்டு எடுத்துட்டுப் போ" என்றார். கொத்தமல்லி வைக்கிற கவரிலா சுடிதாரை வைப்பது என்று எனக்குச் சிரிப்பு. பிறகு அவரே கேபினின் அளவைச் சொன்னார். குளியலறையும் சேர்த்து 170 சதுர அடி. அதில் மூன்று பேர். பெட்டியைத் திறந்து தரையில் பரப்பினால் ஆள் நடக்க இடமிருக்காது. சரி என்று ஒத்துக்கொண்டேன்.

பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கவர். சட்டை, டிராயர், உள்ளாடை, சாக்ஸ் எல்லாம் ஒரே கவரில், மேலே மார்க்கரில் நாள் 1, நாள் 2 என்று எழுதினேன். ஜிப்பை ஓர் ஓரத்தில் இரண்டு விரல் அளவு திறந்து வைத்துவிட்டு கவர்மேல் உட்கார்ந்தால் காற்று புஸ்ஸென்று போய்விடும், உடனே மூடிவிட வேண்டும். உட்காரும் வேலையை மாமியார் ஏற்றுக்கொண்டார். பேரப்பிள்ளைகள் வரிசையில் நின்று கவர் நீட்ட, அன்று சாயந்திரம் முழுக்க வீட்டில் அதுதான் விளையாட்டு.

இடம் நிறைய மிச்சமானதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. இன்னும் நாலு துணி, இன்னும் ஒரு செருப்பு என்று திணித்தேன். காற்றுதான் போனதே தவிர எடை போகவில்லை! விமான நிலையத்தில் 20 கிலோவுக்கு அனுமதித்த பெட்டி 22.6 காட்டியது. கவுன்ட்டர் முன்னாலேயே பெட்டியைத் திறக்க வேண்டியதாயிற்று. அங்கேதான் முதல்முறையாக நாத்தனாருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். ஐந்து கவரைத் தூக்கி அடுத்த பெட்டியில் போட்டேன், அவ்வளவுதான். பின்னால் நின்ற கூட்டத்துக்கு என் வீட்டு உள்பாவாடையெல்லாம் கண்காட்சி ஆகவில்லை.

சென்னையில் அன்று நல்ல மழை. பெட்டிகள் எங்கோ திறந்தவெளியில் நனைந்திருக்கின்றன. சிங்கப்பூரில் எடுத்தபோது துணிப்பெட்டியின் ஒரு பக்கம் ஊறிப்போயிருந்தது. கவருக்குள் இருந்தவை காய்ந்தபடியே இருந்தன. வீட்டுக்காரரின் சட்டைகள் மட்டும் ஈரம், ஏனென்றால் அவர் "நான் என்ன குழந்தையா, எனக்கு எதுக்குக் கவர்" என்று மறுத்துவிட்டார்.

அவர் கதை இன்னும் முடியவில்லை. கப்பலில் ஏறும் நாளில் பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், பிறகு அது கேபின் வாசலுக்கு வந்து சேரும். நாங்கள் ஒரு மணிக்கு ஏறினோம், பெட்டி வந்தது ஆறரைக்கு. அதுவரை கைப்பையில் இருப்பதுதான் சொத்து. பிள்ளைகளின் நீச்சல் உடையை ஒரு கவரில் கையோடு வைத்திருந்ததால் நீச்சல்குளத்தைப் பார்த்ததும் இறங்கிவிட்டார்கள்.

கடைசி இரவு இதற்கு நேர்மாறு. பெட்டியைப் பூட்டி இரவே வாசலில் வைத்துவிட வேண்டும், காலையில் துறைமுகத்தில்தான் திரும்பக் கிடைக்கும். பிள்ளைகளுக்கும் எனக்கும் "நாள் 5" கவர் தனியாக இருந்தது. வீட்டுக்காரர் மிகப் பொறுப்பாக எல்லாத் துணியையும் மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டி, வெளியே தள்ளிவிட்டுத் தூங்கிப்போனார். காலையில் அவரிடம் மிஞ்சியது இரவு போட்டிருந்த பூப்போட்ட அரை டிராயரும் ஆபீஸ் ஷூவும். அந்தக் கோலத்திலேயே குடிநுழைவு வரிசையில் நின்றார். மாமியார் பத்தடி தள்ளி, யாரோ போல நின்றுகொண்டார்.

என் தப்பும் ஒன்று உண்டு. கடைசி நாள் நனைந்த நீச்சல் உடையையும் ஒரு துண்டையும் கவரில் இறுக்கி மூடிப் பெட்டியில் போட்டேன். மறந்தே போயிற்று. மூன்று நாள் கழித்து வீட்டில் திறந்தால், அப்பா! துண்டு முழுக்கக் கரும்புள்ளி. ஈரம் வெளியே வராது என்றால் உள்ளேயே இருந்து பூஞ்சை பிடிக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள். ஏப்ரலில் மறுபடி போகிற யோசனை இருக்கிறது.

உட்லண்ட்ஸ்காரன்:

அக்கா, எடை விஷயத்தில் நானும் மாட்டியிருக்கிறேன். துணியைவிட எனக்குக் கவர் உதவியது கேமராவுக்கு. கேபினில் ஏசி ஜில்லென்று இருக்கும். சூரிய உதயம் எடுக்கலாம் என்று கேமராவோடு மேல்தளத்துக்கு ஓடினால் லென்ஸ் முழுக்கப் பனி மூடிவிடும், பத்து நிமிடத்துக்கு ஒன்றும் எடுக்க முடியாது. இப்போது கேபினுக்குள்ளேயே கேமராவைக் கவரில் மூடி எடுத்துப் போகிறேன். கால் மணி, அரை மணி அப்படியே வைத்தால் கேமரா வெளிச்சூட்டுக்குப் பழகிவிடும், நீர் படிவதெல்லாம் கவரின் வெளிப்பக்கத்தில்தான்.

புக்கெட்டில் பெரிய கப்பல் பல நேரம் கரையைத் தொடாது. பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டுவிட்டு, சின்னப் படகில் இறக்கிவிடுவார்கள். அந்தப் படகில் தண்ணீர் தெறிக்கும். போனைக் கவரில் போட்டுக்கொண்டால் மேலாகவே தொட்டுப் படம் எடுக்கலாம். அதோடு கடலில் முக்கிப் பார்க்காதீர்கள். நண்பன் ஒருவன் முக்கினான், இப்போது வேறு போன் வைத்திருக்கிறான்.

ஷாம்பு பாட்டிலுக்கு ஒரு வார்த்தை. விமானத்துக்குள் காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஊட்டி உயரத்தில் இருப்பதுபோல் குறைந்துவிடும். மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புமே, அதே கதைதான். பாட்டிலை லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடியைத் திருகுங்கள், அப்புறம் தனிக் கவரில் போடுங்கள். 100 மி.லி. கணக்கெல்லாம் விமானத்தில் கையில் கொண்டுபோகும் பைக்குத்தான். 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி பிடிபட்ட பிறகு வந்த விதி அது. கப்பலில் ஏறும்போது அதைப் பார்ப்பதில்லை.

மதுரை மருமகள்:

எல்லாம் சரி, பட்டுப்புடவையை மட்டும் இதில் வைக்காதீர்கள். கப்பலில் ஒரு ராத்திரி எல்லாரும் நன்றாக உடுத்திக்கொண்டு சாப்பிட வருவார்கள் என்று சொன்னார்கள். கல்யாணப் புடவையை எடுத்து, காற்றெல்லாம் பிதுக்கி அப்பளம் மாதிரி ஆக்கிக் கொண்டுபோனேன். ஏழு நாள் கழித்துப் பிரித்தால் மடிப்பு மடிப்பாகக் கோடு. கப்பலில் தேய்ப்புப் பெட்டி கிடையாது. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவியில் தொங்கவிட்டுப் பார்த்தேன், ஜரிகைப் பக்கம் அசையவே இல்லை. கடைசியில் சுடிதாரில்தான் போனேன்.

அம்மாவிடம் சொன்னால் திட்டு. பட்டுக்குக் காற்றோட்டம் வேண்டும், பழைய வேட்டித் துணியில் சுற்றி வைப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். பிளாஸ்டிக்கில் வேர்த்தால் ஜரிகை கறுக்கும் என்று பாட்டி காலத்திலிருந்து சொல்கிறார்கள். எனக்கு மட்டும் அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. மல்லிகைப்பூவும் அப்படியே. கவரில் மூடினால் வியர்த்து அழுகிவிடும்.

ஸ்கார்பரோவிலிருந்து:

நாங்கள் வான்கூவரில் ஏறி அலாஸ்கா போனனாங்கள். அங்கே கெச்சிகன் என்று ஒரு சின்ன ஊர். வருடத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேலே மழை. சென்னைக்கு 1,400 என்றால் பாருங்கோ! ஒவ்வொருவரும் முதுகுப்பையில் ஒரு சோடி காலுறையைக் கவரில் மூடி வைத்திருந்தோம். கால் நனைந்தபடி குளிரில் நிற்பதைப்போலக் கொடுமை வேறில்லை. என்ர மூத்த மகள் "என்னத்துக்கு அம்மா இது" என்று கவரைக் கட்டிலில் எறிந்துவிட்டு வந்தவள், தங்கச்சியின் காலுறைக்குக் கெஞ்சிக்கொண்டு நின்றாள்.

எங்கட வீட்டு மிளகாய்த்தூள் இல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பெயர் ஒன்றும் எழுதாத கவரில் சிவப்புத் தூள். சோதனையில் நிறுத்தி, இது என்ன என்று கேட்டார்கள். திறந்து மணந்து பார்த்த அந்தப் பிள்ளை தும்மின தும்மல் இப்பவும் காதில் கேட்குது. விட்டுவிட்டார்கள். அடுத்த முறை கடையில் வாங்கின பெட்டியோடேயே கொண்டுபோறது என்று முடிவு.

கோவை:

தூள் என்றதும் எழுதத் தோன்றியது. குருமாவுக்கு வீட்டில் அரைத்த பொடியில் கசகசா இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நமக்கு அது மளிகைச் சாமான். சிங்கப்பூரிலும் துபாயிலும் அது போதைப்பொருள் சட்டத்தில் வரும் சங்கதி.

மாத்திரையைக் காலை, மதியம், இரவு என்று கவரில் பிரித்துப்போடச் சொல்கிறார்கள் சிலர். என் அனுபவத்தில் அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் ஒரே கவரில் போட்டுக் கைப்பையில் வைப்பதே நல்லது. அப்பாவுக்கு இன்சுலின் உண்டு. அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் வீண். ஐஸ் ஒரு கவர், இன்சுலின் ஒரு கவர், நடுவில் துண்டு. கேபினில் இருந்த சின்னப் பெட்டி பானம் குளிர்விக்க மட்டும்தான், மருந்துக்குப் போதவில்லை. வரவேற்பு மேசையில் கேட்டதும் வேறு ஃப்ரிட்ஜ் கொண்டுவந்து வைத்தார்கள்.

தூத்துக்குடி, முன்னாள் கப்பல் ஊழியன்:

பன்னிரண்டு வருடம் கேபின் சுத்தம் பண்ணும் வேலை பார்த்தேன். பெரம்பூர் அக்கா வீட்டுக்காரர் மாதிரி ஒவ்வொரு பயணத்திலும் ஒருவராவது இருப்பார். குளியல் அங்கியோடு வந்து "என் பெட்டியைத் திருப்பிக் கொடுங்க" என்று கேட்டவர்கள் உண்டு. கொடுக்க முடியாது. ஆயிரக்கணக்கான பெட்டிகள் கூண்டு வண்டியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கீழ்த்தளத்தில் நிற்கும், அதில் எதைத் தேடுவது?

அந்த அடுக்கில் நம் ஆட்களின் பெட்டியை மணத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். தேங்காய் எண்ணெய்! சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது கட்டி. ஏசி கேபினில் கட்டியாக இருக்கிறதே என்று மூடியைச் சரியாகத் திருகாமல் வைத்துவிடுவார்கள். வெளியே துறைமுக வெயிலில் உருகி, தன் பெட்டி போதாதென்று கீழே இருக்கிற பெட்டிக்கும் அபிஷேகம். எண்ணெய்க்கு ஒரு கவர் போதாது, இரண்டு போடுங்கள்.

தேய்ப்புப் பெட்டி, மின்கெட்டில் இரண்டையும் எந்தக் கவரில் ஒளித்தாலும் ஸ்கேனில் தெரியும். தீ பயம், அதனால் எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாளில்தான் தருவார்கள். "பெட்டி ஏன் இன்னும் வரல" என்று கேட்பவர்களில் பாதிப் பேர் கதை இதுதான்.

காலிக் கவரைப் பால்கனியில் வைக்காதீர்கள், காற்று தூக்கிக்கொண்டு போகும். கப்பலிலிருந்து கடலில் பிளாஸ்டிக் விழக்கூடாது என்பது 1988 டிசம்பர் 31 முதல் சர்வதேசச் சட்டம், எங்களுக்குப் பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான். கழிப்பறையிலும் போடாதீர்கள். காற்றால் உறிஞ்சும் குழாய் அது. ஒரு கவர் சிக்கினால் வரிசையாகப் பல கேபின்கள் அடைத்துக்கொள்ளும். இரண்டு மணிக்குப் போய்க் கையை விட்டவன் சொல்கிறேன்.

ஈரத்துணிக்கு ஒன்று. பல கப்பல்களில் குளிக்கும் இடத்துச் சுவரில் வட்டமாக ஒரு மூடி இருக்கும், இழுத்தால் கொடிக்கயிறு வரும். பாதிப் பேர் அதைக் கவனிப்பதே இல்லை. கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தக் கொக்கி ஒட்டும். ஒரு ராத்திரி தொங்கவிட்டுக் காய்ந்த பிறகு கவரில் போடுங்கள்.

மதுரை மருமகள்:

அண்ணா, அந்தக் கொடிக்கயிறு தெரியாமல் நான் ஏழு நாளும் நாற்காலியில் காயப்போட்டேன்.

பெரம்பூர்வாசி:

எல்லாருக்கும் நன்றி. கசகசா விஷயம் பகீரென்றது, மாமியாரின் பொடி டப்பாவில் கண்டிப்பாக இருந்திருக்கும். நல்லவேளை, அதை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனோம்.

ஒரு சந்தேகம். பழைய கவர்களை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பிக் கழுவி, கரண்டிமேல் கவிழ்த்துக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் நன்றாகவே இருக்கின்றன. மார்க்கர் எழுத்து மட்டும் கைபட்டுக் கைபட்டு அழிந்து, "நாள் 3" என்பது "நாள்" என்று நிற்கிறது. அழியாமல் எழுத வழி உண்டா?

உட்லண்ட்ஸ்காரன்:

கவர்மேல் எழுதாதீர்கள் அக்கா. துண்டுச் சீட்டில் எழுதி, எழுத்து வெளியே தெரிகிற மாதிரி உள்ளே போட்டுவிடுங்கள்.