மெசினை நிப்பாட்டுறது எப்பிடி: பம்ப், போட், ஜெனரேற்றர், உழவு மெசின் (யாழ்ப்பாணத்து ஊர்க்காரர் ஒவ்வொருத்தராய்ச் சொன்னது)

இணுவில், தோட்டப் பம்ப்

பெற்றோலில் பிடிச்சு மண்ணெண்ணெயில் ஓடுற ரெண்டு இஞ்சிப் பம்ப், காலமை எத்தினை தரம் கயிறு இழுத்தும் பிடிக்கேல்லையெண்டால் பிளக்கைக் கழட்ட முதல் பௌலை, அதாவது காபரேற்றரில் எண்ணெய் நிக்கிற சின்னக் கிண்ணத்தைப் பாருங்கோ. காபரேற்றருக்கு அடியில் இருக்கிற வடிகால் திருகாணியை ஒரு சுற்றுத் தளர்த்தி, வடியிறதை விரலில் தேய்ச்சால் போதும். பெற்றோல் எண்டால் விரல் குளிர்ந்து உடனே காய்ஞ்சிடும். மண்ணெண்ணெய் எண்டால் பசை நிக்கும். பசை நிண்டால் அந்த மெசினை முதல்நாள் பின்னேரம் மண்ணெண்ணெயிலையே சுவிச்சை அமத்தி நிப்பாட்டியிருக்கினம்.

பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழ 40 பாகை அளவிலையே தீப்பிடிக்கிற அளவு ஆவியை விடும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகையாவது வேணும். குளிர்ந்த சிலிண்டருக்குள்ள அது ஆவியாகாமல் துளியாய்ப் போய்ப் பிளக்கை நனைக்கும். மெசின் சூடேறின பிறகு அதே மண்ணெண்ணெய் நல்லா எரியிறபடியால்தான் ஆக்கள் இதைக் கவனிக்கிறேல்லை.

இறைப்பு முடியப்போகுது எண்டு கண்டவுடன மூண்டு வழிக் கொக்கை (எண்ணெய்க் குழாயைத் திறந்து பூட்டுற திருகு) சின்னத் தாங்கிப் பக்கம், அதாவது பெற்றோலுக்குத் திருப்புங்கோ. அக்சிலேற்றரைக் குறைக்காமல் ரெண்டு மூண்டு நிமிசம் ஓடட்டும். உடனேயே குறைச்சால் பௌலில் கிடக்கிற மண்ணெண்ணெய் முடிய நேரம் எடுக்கும். மாறினது காதிலையே தெரியும்: மண்ணெண்ணெயில் ஓடேக்க வாற கடகட எண்ட தட்டல் நிண்டு சத்தம் மென்மையாகும். அதுக்குப் பிறகு அக்சிலேற்றரைக் குறைச்சு ஒரு நிமிசம் விட்டு, சுவிச்சை அமத்தி, கொக்கைப் பூட்டுங்கோ.

கொக்கைப் பூட்டுறதைச் சாட்டுக்குச் சொல்லேல்லை. பௌலுக்குள்ள இருக்கிற ஊசி வால்வில் ஒரு தூசு இருந்தாலே இரவு முழுக்கத் தாங்கியில் இருந்து எரிபொருள் இறங்கிச் சிலிண்டருக்குள்ளயும் அடியில் ஓயிலுக்குள்ளயும் போகும். காலமை அளவுக்கம்பியைப் பார்த்தால் ஓயில் கூடியிருக்கும், மணக்கும். அந்த ஓயிலோட ஒரு மணித்தியாலம் இறைச்சால் பெயாரிங் போகலாம்.

குருநகர், போட் எஞ்சின்

வெளியிணைப்பு மண்ணெண்ணெய் எஞ்சினுக்கும் இதுதான் முறை. ஆனால் ரூ ஸ்ரோக் எஞ்சின் எண்டதால் ஒரு வித்தியாசம் இருக்கு. கரைக்குக் கிட்ட வரேக்க பெற்றோலுக்கு மாத்தி, மெதுவாய் ஓட்டிக்கொண்டு வந்து நிப்பாட்டுங்கோ. எரிபொருள் குழாயைக் கழட்டிவிட்டுப் பௌலைக் காய விடுறதெண்டால் ஐடிலில் (ஆகக் குறைஞ்ச வேகத்தில) மட்டும்தான். இந்த எஞ்சினுக்கு ஓயில் வாறதே எரிபொருளோட கலந்துதான். எண்ணெய் முடியிற நேரம் கலவை மெலிஞ்சு சுற்று ஏறும். அந்தக் கணத்தில பிஸ்டனுக்கு ஓயிலும் இல்லை, சூடும் கூட. வேகமாய் ஓடிக்கொண்டிருக்கேக்க இப்பிடிச் செய்தால் பிஸ்டன் கோடு விழும்.

கலவை 50க்கு 1 எண்டால் லீற்றருக்கு 20 மில்லி. கண்மட்டத்தில ஊத்தாதேங்கோ. மண்ணெண்ணெய்க்கான அளவு வேறயாய் இருக்கலாம், எஞ்சின் கையேட்டில இருக்கிறதைப் போடுங்கோ.

கையில் மாட்டுற சிவப்புக் கயிறு, ஆள் கடலில விழுந்தால் எஞ்சின் நிக்கிறதுக்கு. தினமும் அதை இழுத்து நிப்பாட்டினால் மண்ணெண்ணெய் உள்ளுக்கயே கிடக்கும்.

கோண்டாவில், கராஜ்

மேல இருக்கிற ரெண்டும் சரி. சாவியை அமத்தின பிறகும் மெசின் நாலைஞ்சு சுற்று உதறிக்கொண்டு ஓடுறதுக்குக் காரணத்தை மட்டும் சேர்க்கிறன். பிளக்கில் பொறி இல்லை, ஆனால் சிலிண்டர்த் தலைக்குள்ள படிஞ்ச கரி சிவந்து கொண்டிருக்கும். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் (தானாய்ப் பத்தாமல் தாங்குற அளவு) குறைவு, தானாய்த் தீப்பற்றுற வெப்பநிலை 210 பாகை அளவிலதான். கரித்துண்டு ஒண்டே பிளக்கின்ர வேலையைச் செய்துவிடும். பாரத்தில ஓடின சூட்டோட டக்கெண்டு நிப்பாட்டாமல், பாரத்தை எடுத்துப்போட்டு மூண்டு நிமிசம் ஐடிலில் விட்டால் பெரும்பாலும் வராது. அப்பவும் வருதெண்டால் தலையைக் கழட்டிக் கரி எடுக்கிற நேரம்.

சைலன்சருக்குள்ள வெடி கேக்கிறது வேற விசயம். முழு வேகத்தில சாவியை அமத்தினால் பொறி நிக்கும், ஆனால் பாரச்சக்கரம் சுழலுற மட்டும் காபரேற்றர் கலவையைக் குடுத்துக்கொண்டே இருக்கும். எரியாத கலவை சூடான சைலன்சருக்குள்ள போய்ப் பத்தும். பெரிய ஜெனரேற்றர்களில் இதுக்கெண்டே பௌலுக்கு அடியில் 12 வோல்ற் சொலனொயிட் (மின்சாரத்தில எண்ணெயைத் திறந்து அடைக்கிற வால்வு) ஒண்டு இருக்கு. சாவியைப் போடேக்க ‘டிக்’ எண்டு கேக்க வேணும். கேக்கேல்லையெண்டால் அதைப் பாருங்கோ.

சோக்கை இழுத்து நிப்பாட்டுற பழக்கம் சில இடத்தில இருக்கு. காத்தை அடைச்சால் கலவை மிதமிஞ்சித் தடிச்சு மெசின் நிக்கும், உண்மைதான். ஆனால் அந்தப் பெற்றோல் சிலிண்டர்ச் சுவரில இருக்கிற ஓயிலைக் கழுவிக்கொண்டு போகும், பிளக்கும் நனையும். சுவிச் வயர் அறுந்து மெசின் நிக்காத நேரத்துக்கு மட்டும் வைச்சிருங்கோ. அந்த நேரம் பிளக் தொப்பியைக் கையால இழுக்கிறதை விட இது எவ்வளவோ மேல்.

நல்லூர்

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிளும் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சில சொட்டுப் பெற்றோல் விட்டுப் பிடிச்சு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. பெற்றோலே கிடைக்காத காலத்தில் நிப்பாட்டேக்க பெற்றோலுக்கு மாத்துற கதை இல்லை. அந்த நிலைமைக்கு மண்ணெண்ணெய்க் கொக்கைப் பூட்டிப் பௌலைக் காயவிட்டு நிப்பாட்டுறதுதான் வழி. காலியான பௌலுக்குச் சில சொட்டுப் போதும். நிறைஞ்ச பௌலில் அந்தச் சொட்டு கரைஞ்சு போகும்.

சாவகச்சேரி, உழவு மெசின்

டீசலுக்கு மேல சொன்ன எதையும் செய்யாதேங்கோ, முக்கியமாய் எண்ணெயை முடியவிட்டு நிப்பாட்டுறதை. காபரேற்றர் காய்ஞ்சால் நல்லது. டீசல் குழாய் காய்ஞ்சால் மெசினின்ர டீசல் பம்புக்குள்ள காத்துப் போகும், பிறகு காத்தெடுக்காமல் பிடிக்காது. பம்புக்கு வாற குழாயின் நட்டைத் தளர்த்திக் குமிழி இல்லாமல் டீசல் வாற மட்டும் விட்டு இறுக்கி, அதுக்குப் பிறகு இஞ்செக்ரர் நட்டைத் தளர்த்திச் சுத்தோணும். அரை மணித்தியாலம் போகும்.

டீசலில் காத்துக்குக் கட்டுப்பாடு இல்லை, எண்ணெயின் அளவு மட்டும்தான் வேகம். ஆகவே லீவரை நிறுத்தும் இடம்வரை கொண்டுபோனால் பம்ப் எண்ணெய் குடுக்காது, மெசின் நிக்கும். லான்ட்மாஸ்டர்காரர் (ரெண்டு சில்லு உழவு மெசின்காரர்) சிலர் டிகொம்பிறசன் லீவரை, அதாவது சிலிண்டர் அமுக்கத்தை விடுற லீவரைத் தூக்கி நிப்பாட்டுகினம். அது பிடிக்க வைக்கிறதுக்கு உள்ளது. தூக்கின பிறகும் இஞ்செக்ரர் அடிச்சுக்கொண்டே இருக்கும், அந்த டீசல் எரியாமல் சுவரைக் கழுவி ஓயிலோட சேரும்.

இனிப் பயமான பகுதி. லீவரைப் பூட்டியும் சத்தம் ஏறிக்கொண்டே போகுதெண்டால் புகையைப் பாருங்கோ. கறுத்தப் புகை எண்டால் பம்ப் றாக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற தண்டு) சிக்கியிருக்கு: தாங்கிக் கொக்கைப் பூட்டினாலும் நேரம் எடுக்கும், இஞ்செக்ரர் குழாயின் நட்டை ஸ்பனரால தளர்த்தினால் நிக்கும். பீச்சுற டீசலுக்கு முன்னால கையை வைக்காதேங்கோ. நீல வெள்ளைப் புகை எண்டால் மெசின் டீசலில் ஓடேல்லை, தன்ர ஓயிலையே குடிக்குது. வரம்பில ஏறிச் சரிஞ்ச மெசின், அளவுக்கு மேல ஓயில் விட்ட எயார் கிளீனர், ரெண்டிலையும் இது வரலாம். அப்ப எண்ணெய்ப் பக்கம் என்ன செய்தும் பலனில்லை. காத்தை அடைக்கோணும். எயார் கிளீனரைக் கழட்டி அந்த வாயில் தட்டையான பலகை ஒண்டை அமத்திப் பிடியுங்கோ. துணியை உறிஞ்சி இழுத்துவிடும், உள்ளங்கையை வைச்சால் தசையே போகும். காபனீரொட்சைட்டுத் தீயணைப்பான் பக்கத்தில இருந்தால் அதை அந்த வாய்க்குள்ள அடிக்கலாம். பாரச்சக்கரத்துக்கு நேரே நிக்காதேங்கோ. கிட்டப் போக ஏலாத வேகம் வந்திட்டுதெண்டால் மெசினை விட்டு விலகுங்கோ.

அச்சுவேலி

ஆவணி, புரட்டாதியில் தண்ணி இறங்கினால் பம்பைக் கிணத்துக்குள்ள தட்டில வைக்கிறவைக்கு எப்பிடி நிப்பாட்டுறது எண்டு ஆராவது சொல்லுங்கோ.

இணுவில், தோட்டப் பம்ப்

வைக்கவே வேண்டாம் எண்டதுதான் பதில். உறிஞ்சுற பம்ப் 7, 8 மீற்றருக்கு மேல இழுக்காது எண்டபடியால் இறக்கினம், விளங்குது. ஆனால் கிணத்துக்குள்ள காபன் மொனொட்சைட்டு வெளியேறாது, மணமும் இல்லை. காத்தில 1 சதவீதத்துக்குச் சற்று மேல போனாலே சில நிமிசத்தில ஆள் முடிஞ்சிடும். கலவை தடிக்கத் தடிக்க அந்த வாயு கூடும், அடைபட்ட கிணத்தில மெசின் தன்ர புகையையே திருப்பி உறிஞ்சேக்க இன்னும் கூடும். நிப்பாட்ட இறங்கேக்கயும் சாவு நடக்கும். ஒருத்தர் மயங்க, தூக்க இறங்கின மற்றவரும் போறது.

மின்சாரம் இருந்தால் நீர்மூழ்கி மோட்டர். இல்லையெண்டால் பம்பை மேல வைச்சுத் தண்ணி இருக்கிற அளவுக்கு இறையுங்கோ. ஏற்கெனவே ஒரு மெசின் கீழ ஓடிக்கொண்டிருந்தால் இறங்காதேங்கோ, எண்ணெய் முடிஞ்சு தானாய் நிக்கட்டும். நிண்ட பிறகும் உடனே இறங்கக் கூடாது, வாயு அங்கதான் கிடக்கும்.

கோண்டாவில், கராஜ்

ஜெனரேற்றருக்கும் ஒண்டு. மாதக்கணக்கில ஓடாமல் கிடக்கப் போகுதெண்டால் முதல் பிறேக்கரை விழுத்தி வீட்டுப் பாரத்தைக் கழட்டுங்கோ, பிறகு கொக்கைப் பூட்டிப் பௌலைக் காயவிடுங்கோ. கலவை மெலியிற நேரம் மெசின் ஏறி இறங்கிச் சுத்தும், வோல்றேச்சும் அதோட ஆடும். குளிர்சாதனப் பெட்டி இணைஞ்சிருந்தால் அதுக்குத்தான் சேதம். நிண்ட பிறகும் பௌலின் அடியில் கொஞ்சம் மிஞ்சும், வடிகால் திருகாணியைத் திறந்து அதையும் எடுத்துவிடுங்கோ. அந்த மிச்சம்தான் பிசினாகிச் சின்ன ஜெற்றை (எண்ணெய் வாற நுண்துளையை) அடைக்கிறது.

நல்லூர்

பௌல் காய்ஞ்சு கிடந்தால் அடி றப்பர் வளையம் சுருங்காதோ?

கோண்டாவில், கராஜ்

சிலதில சுருங்கும், திரும்ப எண்ணெய் விடேக்க ஒழுகினால் வளையத்தை மாத்துங்கோ. அடைஞ்ச ஜெற்றை விட அது மலிவு.