‘ஹோல்’ (hole) என்பதற்கு உங்கள் ஊரில் என்னென்ன சொற்கள்?

வணக்கம். கும்பகோணம் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காக ஆங்கிலச் சொற்பட்டியல் எழுதுகிறேன், ‘ஹோல்’ என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டேன். வரப்பில் நண்டு தோண்டினால் வளை, வாயில் ஈரமண் உருண்டை உருண்டையாகக் கிடக்கும். மரத்தில் பொந்து, குடத்தில் ஓட்டை, வேட்டியில் பொத்தல், நரசிங்கம்பேட்டை நாகசுரத்தில் விரல் வைக்கும் ஏழும் துளை. ஊசிக்கு மட்டும் ஆங்கிலத்தில் கண் என்கிறார்கள், நாம் காது என்கிறோம், எவ்வளவு அழகு! ஆற்றங்கரை உடைப்பெடுத்தால் ‘ஹோல்’ பொருந்தாது, ‘பிரீச்’ என்றே எழுதலாம், சரிதானே? அப்புறம், நண்டு வளை வழியாக ராத்திரியில் வயல் தண்ணீர் அடுத்த வயலுக்கு ஓடிவிடுமே, அந்தக் கசிவுக்குத் தனிச்சொல் உண்டா? வீட்டில் தாத்தா, அப்பாயியிடம் கேட்டு ஊர்ப் பெயரோடு எழுதுங்கள், ஒரு சொல் கிடைத்தாலும் போதும்.