புது நெல் முளைக்க மறுப்பது ஏன்?

மலர்: சித்தப்பா, இப்போதுதான் அறுத்த நெல்லில் ஒரு பிடி எடுத்து ஈரத்துணியில் சுற்றி முளைப்புப் பார்த்தேன். பாதிக்கு மேல் முளைக்கவில்லை. விதை செத்துவிட்டதா?

சித்தப்பா: முளைக்காத நெல்லை விரலால் அமுக்கிப் பார், மலர். செத்த விதை பூஞ்சணம் பூத்துக் கொழகொழவென்று பிதுங்கும். கெட்டியாக இருந்தால் அது உயிரோடுதான், ஆனால் முளைக்காமல் உறக்கத்தில் இருக்கிறது. அவற்றில் சிலவற்றின் உமியை நகத்தால் உரித்து, முளைமூக்கு உடையாமல் மறுபடியும் ஈரத்தில் வைத்தால் பல முளைத்துவிடும். ஏனென்றால் ஆக்சிஜன் உள்ளே போவதை மட்டுப்படுத்தி, அந்த உறக்கத்துக்கு உமியும் துணை நிற்கிறது.

அத்தை: எங்கள் கொல்லையில் நடந்தது நேர்மாறு, தம்பி. பிடுங்கத் தாமதமாகி மழையும் பிடித்துக்கொண்டதில், கடலை மண்ணுக்குள்ளேயே முளைவிட்டுவிட்டது.

சித்தப்பா: நீங்கள் போட்டது கொத்தாக வளரும் நிலக்கடலை, அக்கா. அந்த ரகங்களில் பெரும்பாலானவற்றுக்கு உறக்கம் கிடையாது, கொடியாகப் படரும் நிலக்கடலைக்கு உண்டு. கதிரிலோ காயிலோ விதை முதிரும்போதே அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் அதில் சேர்ந்து, கரு முளைவிடாமல் தடுத்து, காய்ந்தாலும் சாகாதபடி அதைப் பக்குவப்படுத்துகிறது. முளைக்கத் தூண்டும் ஜிப்ரலினின் கை ஓங்கும்வரை, தண்ணீர் கிடைத்தாலும் விதை அசையாது. இந்த ஏற்பாடே இல்லாததற்குப் பிச்சாவரத்துச் சுரபுன்னையைப் பாருங்கள். அதன் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, நீளமான நாற்றாகித்தான் கீழே விழுகிறது.

மலர்: போன வருடம் நட்ட கொன்றை விதையும் இதனால்தான் முளைக்கவில்லையா?

சித்தப்பா: இல்லையம்மா, அது வேறு வகை. கொன்றையின் தோலே தண்ணீரை உள்ளே விடாது. தோலை உரசியோ கொதிநீரில் சற்று நேரம் போட்டோ எடுத்தால் போதும். நெல்லுக்கு அந்த வைத்தியம் ஆகாது.

மலர்: அப்படியானால் இந்த விதைநெல்லை என்ன செய்வது?

சித்தப்பா: அவசரமில்லை என்றால் நன்றாகக் காயவைத்துச் சாக்கில் வை. சில வாரங்களில், ரகத்தைப் பொறுத்து ஓரிரு மாதங்களில், உலர்ந்த நிலையிலேயே உறக்கம் தெளிந்துவிடும். உடனே விதைக்க வேண்டுமென்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கரைத்து, 16 மணி நேரம் ஊறவைத்தபின் மூட்டம் போடு, அதாவது முளைவிடும்படி மூடி வை.

அத்தை: என் கடலைக்கு வழி சொல்லவில்லையே, தம்பி?

சித்தப்பா: காயின் உள்ஓடு கறுக்கத் தொடங்கியதும் மழையை எதிர்பார்க்காமல் பிடுங்கிவிடுங்கள், அக்கா. உறக்கம் இல்லாத விதையை மண்ணில் காத்திருக்க வைக்க முடியாது.