சென்னையிலிருந்து ஹேவ்லாக்: 15 கிலோவுக்குள் எந்த டைவிங் சாமான், எது வாடகைக்கு?

அலைவாய்:
ஜனவரிக் கடைசியில் சென்னையிலிருந்து போர்ட் பிளேர், அங்கிருந்து கப்பலில் அந்தமானின் ஹேவ்லாக் தீவு. டைவிங்குக்காக மட்டும் போகிற பயணம். டிக்கெட்டில் செக்-இன் 15 கிலோ, கையில் 7 கிலோ. சொந்தமாக இருப்பவை: மாஸ்க், ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி; டின், அதாவது வால்வுக்குள் திருகி மாட்டும் வகை; உதிரி மவுத்பீஸான ஆக்டோபஸ், காற்றழுத்தம் காட்டும் கேஜோடு), பிசிடி (காற்றூதி மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்), 3 மி.மீ. வெட்சூட், ஓப்பன் ஹீல் ஃபின்ஸ், பூட்ஸ், கம்ப்யூட்டர், டார்ச். தராசில் வைத்தால் எல்லாம் சேர்ந்து 12 கிலோ. கண்ணாடி பவர் இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 4.5. எதை வீட்டிலேயே விட்டுவிடலாம்? வாடகைக்கு எடுப்பதில் எதைப் பார்த்து வாங்கணும்?

பவளன்:
எடையை வைத்து முடிவு பண்ணாதீங்க. உங்க உடம்புக்குப் பொருந்தியே ஆகணும் என்பது எது, கெட்டுப்போனால் தண்ணிக்குள் ஆபத்து என்பது எது என்று முதலில் பிரியுங்க.

மாஸ்க்கை எக்காரணம் கொண்டும் விடாதீங்க. மைனஸ் 4.5 இருப்பவர் வாடகை மாஸ்க்கில் கேஜ் எண்களைப் படிக்கவே திணறுவார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலே மாஸ்க் போடவும் முடியாது, காம்பு சிலிக்கான் ஓரத்தைத் தூக்கிவிடும். பல மாடல்களுக்கு 0.5 இடைவெளியில் ரெடிமேட் பவர் லென்ஸ் கிடைக்கும், 4.5 சுலபமாகவே கிடைக்கும். மாஸ்க் புதுசு என்றால் உள்பக்கக் கண்ணாடியை வெள்ளை டூத்பேஸ்ட் வைத்து விரலால் இரண்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவுங்க. தொழிற்சாலையில் படிந்த படலம் போகாத வரை எந்தத் திரவம் தடவினாலும் ஆவி பிடிக்கும். கைப்பையில், அதன் பெட்டிக்குள்ளேயே வையுங்க.

கம்ப்யூட்டரும் உங்களுடையதே. உங்க உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் சேர்ந்திருக்கிறது என்ற கணக்கை அது டைவுக்கு டைவ் தொடர்ந்து வைத்திருக்கும். காலையில் ஒன்று, மதியம் வேறொன்று என்று மாற்றிக் கட்டினால் இரண்டாவதுக்கு முதல் டைவ் நடந்ததே தெரியாது. வாடகைக்கு எடுக்க நேர்ந்தாலும் கடைசி நாள் வரை அதே கருவிதான் வேணும் என்று சொல்லி வாங்குங்க.

ரெகுலேட்டர் 2 கிலோ சொச்சம்தான், கைப்பையில் போகும். ஆனால் சர்வீஸ் ஆகி ஒரு வருஷம் தாண்டியிருந்தால் இப்போதே கொடுத்துவிடுங்க. கிளம்புவதற்கு முதல் நாள் சர்வீஸிலிருந்து வாங்கி நேரே பெட்டியில் போடுவது தப்பு. ஃப்ரீ ஃப்ளோ (காற்று நிற்காமல் கொட்டுவது) மாதிரித் தொல்லைகள் சர்வீஸ் முடிந்த முதல் டைவிலேயே தலைகாட்டும். நீச்சல் குளத்திலாவது ஒருமுறை போட்டுப் பாருங்க.

நம்ம பக்கம் சிலிண்டர் வால்வு பெரும்பாலும் யோக் (வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும் வகை). உள்ளே கழற்றக்கூடிய இன்சர்ட் இருந்தால் அதை எடுத்துவிட்டு டின் நேராக மாட்டலாம். வால்வை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி டைவ் கடையிடம் முன்கூட்டியே கேளுங்க. இன்சர்ட் இல்லையென்றால் டின்-யோக் அடாப்டர் வேணும். அது முதல் ஸ்டேஜை (ரெகுலேட்டரில் சிலிண்டரோடு மாட்டும் பகுதி) தலைப் பக்கம் தள்ளும், தலை இடிக்கும். பிசிடி பட்டையைச் சிலிண்டரில் ஒரு விரலளவு உயர்த்திக் கட்டினால் சரியாகும். டின்னில் ஓ-ரிங் ரெகுலேட்டர் பக்கம் இருப்பதால் உதிரி மூன்று நீங்களே எடுத்துப் போகணும்.

பிசிடி, ஈயம் (மூழ்குவதற்குக் கட்டும் எடை), சிலிண்டர் எல்லாம் வாடகைக்கே.

கொற்கை:
பிசிடி விஷயத்தில் பவளன் சொன்னதோடு பாதிதான் ஒத்துப்போவேன். 2 கிலோவுக்குப் பக்கமான டிராவல் மாடல் என்றால் கொண்டுபோகலாம். 4 கிலோ ஜாக்கெட் என்றால் விட்டுவிடுங்க.

வாடகை பிசிடியை முந்தின நாள் சாயங்காலமே வாங்கி, இறுக ஊதி, பத்து நிமிஷம் வைத்துப் பாருங்க. தளர்ந்தால் திருப்பிக் கொடுங்க. காற்று ஏற்றும் இன்ஃப்ளேட்டர் பொத்தானைப் பலமுறை அழுத்தி விடுங்க. உப்புப் படிந்து மெதுவாகத் திரும்பும் பொத்தான் தண்ணிக்குள் சிக்கிக்கொண்டால் காற்று தானாக ஏறி ஆளை மேலே தூக்கிவிடும். காற்றை வெளியேற்றும் எல்லா டம்ப் வால்வுக் கயிற்றையும் இழுத்துப் பாருங்க. உங்க ரெகுலேட்டரின் இன்ஃப்ளேட்டர் ஹோஸ் அந்த பிசிடியில் பொருந்துகிறதா என்பதையும் கரையிலேயே பாருங்க. ஆக்டோபஸும் இன்ஃப்ளேட்டரும் ஒன்றாக வரும் மாடல்களின் இணைப்பு பெரிசு, சாதாரண ஹோஸ் ஏறாது.

யாராவது ரெகுலேட்டரையும் வாடகைக்கு எடுப்பதாக இருந்தால்: சிலிண்டரைத் திறக்கும் முன் மவுத்பீஸில் லேசாக உறிஞ்சுங்க, காற்றே வரக்கூடாது. வந்தால் டயஃப்ரமோ எக்ஸாஸ்ட் வால்வோ கிழிந்திருக்கிறது, உள்ளே தண்ணி வரும். பிறகு திறந்து, கேஜைப் பார்த்தபடி நாலு மூச்சு. மூச்சுக்கு மூச்சு முள் இறங்கி ஏறினால் வால்வு முழுசாகத் திறக்கவில்லை, இல்லையென்றால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. மவுத்பீஸ் கடிவாயில் கிழிசல் இருக்கிறதா, கேபிள் டை இறுக்கமா என்றும் பாருங்க.

அலைவாய்:
ரொம்ப நன்றி. வெட்சூட், ஃபின்ஸ், டார்ச் மூன்றும்தான் பாக்கி. ஈயம் எவ்வளவு கேட்பது?

நீர்முள்:
ஜனவரியில் அங்கே தண்ணி 27, 28 டிகிரி. 3 மி.மீ. போதும், சைஸ் சரியாக இருந்தால் வாடகை சூட்டே போதும். முதுகிலும் இடுப்பிலும் தொளதொளவென்று தண்ணி புகுந்து வெளியேறினால் இரண்டாவது டைவில் நடுக்கம் எடுக்கும். அப்படிப்பட்ட உடல்வாகு என்றால் சொந்த சூட்டை எடுங்க.

ஃபின்ஸ் வாடகைக்கு, பூட்ஸ் சொந்தம். கடல் உள்வாங்கியிருக்கும்போது படகு வரை பவளத் துண்டுகள் மேல் நடக்க வேண்டியிருக்கும், பூட்ஸ் இல்லாமல் முடியாது. பூட்ஸைக் காட்டி ஓப்பன் ஹீல் ஃபின்ஸ்தான் வேணும் என்று முன்பே சொல்லிவையுங்க, பல கடைகளில் ஃபுல் ஃபுட் (வெறுங்காலில் போடும்) வகைதான் அதிகம்.

டார்ச்சின் லித்தியம் பேட்டரியைக் கழற்றி, முனைகளில் டேப் ஒட்டி, கைப்பையில். கத்தி இருந்தால் செக்-இன்னில்.

ஈயத்துக்கு ஒரே கணக்கு கிடையாது. முதல் டைவ் முடிவில் 50 பார் மிச்சம் இருக்கும்போது பிசிடியைக் காலி பண்ணி, சாதாரண மூச்சைப் பிடித்து நில்லுங்க. தண்ணி மட்டம் கண்ணுக்கு நேராக இருந்தால் சரி. நிறைந்த சிலிண்டரோடு பார்க்க வேண்டிவந்தால், அதில் கிடைக்கும் எடையோடு 2 கிலோ கூட்டுங்க. 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் 150 பார் தீரும்போது அவ்வளவு காற்று எடை போய்விடும்.

திரும்பும் விமானத்துக்கு முன் பல டைவ் பண்ணியவர்களுக்குக் குறைந்தது 18 மணி நேர இடைவெளி, 24 என்றால் நல்லது. அந்த நேரத்தில் பூட்ஸையும் சூட்டையும் நிழலில் காய வையுங்க. ஈரத்தோடு கட்டினால் வரும்போது 15 கிலோ தாண்டும். ரெகுலேட்டரை நல்ல தண்ணியில் அலசும்போது டஸ்ட் கேப் இறுக மூடியிருக்கட்டும், மவுத்பீஸுக்கு முன்னால் இருக்கும் பர்ஜ் பொத்தானைத் தொடாதீங்க. தொட்டால் தண்ணி ஹோஸ் வழியே முதல் ஸ்டேஜுக்குப் போய்விடும்.