ரெஃப்யூஜியத்தில் கீட்டோவோடு கலந்து வளரும் பாசிகள்: எதை வைத்துக்கொள்வது, எதை அகற்றுவது?

அலைத்தொட்டி (கேள்வி):

சம்ப்பையும் (நீரை வடிகட்டும் துணைத் தொட்டி) சேர்த்து மொத்தம் 340 லிட்டர் நீர் சுழலும் என் பவளத் தொட்டியில், சம்ப்பின் ஒரு பகுதியை ரெஃப்யூஜியமாக, அதாவது பாசி வளர்க்கும் தனியிடமாக ஒதுக்கி, நீரிலுள்ள மிகை ஊட்டத்தை உறிஞ்சுவதற்காக எட்டு மாதங்களாகக் கீட்டோமார்ஃபா (சுருக்கமாகக் கீட்டோ) என்ற பச்சைப் பாசியை வளர்த்து வருகிறேன். பிரதான தொட்டியின் விளக்கு அணைந்திருக்கும் இரவில் இங்கு 12 மணி நேரம் விளக்கு எரிகிறது. தொடக்கத்தில் வாரந்தோறும் ஒரு கைப்பிடி அகற்றும் அளவுக்கு வளர்ந்த கீட்டோ, கடந்த இரண்டு மாதங்களாக வெளிறி, வளராமல் நிற்கிறது. நைட்ரேட் சோதனையில் எதுவும் தெரிவதில்லை. பாஸ்பேட்டோ லிட்டருக்கு 0.15 மில்லிகிராமிலிருந்து இறங்க மறுக்கிறது.

இதற்கிடையே நான் வைக்காத இரண்டு பாசிகள் முளைத்துள்ளன. ஒன்று, மணலில் கொடிபோல் ஓடி, அதிலிருந்து இறகு வடிவ இலைகளை மேலே அனுப்புகிறது. அவ்விலைகளில் சிலவற்றின் நுனி கண்ணாடிபோல் நிறமிழந்துள்ளது. மற்றொன்று, கண்ணாடிச் சுவரிலும் கீட்டோ பந்தின் ஓரத்திலும் ஒட்டிய கரும்பச்சைக் குஞ்சம். இவை எவை, இவற்றை விட்டுவைக்கலாமா என்று அறிந்தவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

உருப்பெருக்கி (பதில்):

நிறத்தை வைத்துப் பாசியை அடையாளம் காண முயல வேண்டாம்; ஒரே பாசி விளக்குக்கும் ஊட்டத்துக்கும் ஏற்ப மூன்று பச்சைகளில் தோன்றும். குஞ்சத்திலிருந்து ஓர் இழையைப் பிய்த்து, வெள்ளைத் தட்டில் சிறிது நீரில் மிதக்கவிட்டு, கைவில்லையால் பாருங்கள். கீட்டோமார்ஃபாவின் இழை எங்கும் கிளைக்காது. ஒற்றை வரிசையில் செல்கள் கோத்த மணிகள்போல் நிற்கும். தொட்டால் தூண்டில் நரம்பைப்போல் விறைப்பாக இருக்கும். இழை கிளைவிட்டுப் பிரிந்தால் அது பெரும்பாலும் கிளாடோஃபோரா என்ற பாசி. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் வெறுங்கண்ணுக்கு ஏமாற்றம் இயல்பே. ஆனால் கிளாடோஃபோரா பாறையைப் பற்றிக்கொண்டு பிரதான தொட்டிக்கும் பரவக்கூடியது என்பதால், ஐயம் இருந்தாலே அகற்றிவிடுவது நல்லது.

மணலில் ஓடும் கொடி, உங்கள் விவரிப்பின்படி, காலெர்ப்பா என்ற பாசி. இறகு வடிவத்தைப் பார்த்துச் சிலர் இதைப் பிரையாப்சிஸ் என்ற தொல்லைப் பாசி என்று அஞ்சுவர்; ஆனால் பிரையாப்சிஸில் இத்தகைய நீண்ட ஓடுகொடி இருக்காது, நீரைவிட்டு எடுத்ததும் ஈரநூலைப்போல் துவண்டுவிடும். காலெர்ப்பா எடுத்த பின்னும் ஓரளவு வடிவத்தைக் காக்கும். காலெர்ப்பாவிலும் பல இனங்கள் உண்டு: இறகின் சிறுகிளைகள் ஊசிபோல் உருண்டிருந்தால் செர்டுலாரியாய்டிஸ். தட்டையாக இருந்தால் மெக்சிகானா அல்லது டாக்சிஃபோலியா.

நிறமிழந்த நுனிதான் எனக்குக் கவலை தருகிறது. காலெர்ப்பா எவ்வளவு நீண்டாலும் உள்ளே குறுக்குச் சுவர்களே இல்லாத ஒரே செல். இனப்பெருக்கத்துக்கு முனையும்போது உள்ளிருக்கும் பச்சை வலைப்பின்னலாகத் திரளும். பிறகு உள்ளடக்கம் முழுவதும் நீரில் கொட்டி, வெறும் கூடு எஞ்சும். அப்போது நீர் பச்சையாகக் கலங்கும், சேர்த்துவைத்த ஊட்டம் மொத்தமும் தொட்டிக்கே திரும்பும், ஆக்சிஜன் குறையும். காயம்பட்ட இலையும் நுனியில் வெளிறுவதுண்டு. ஆகவே வலைப்பின்னல் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால் அன்றே முழுக்கொடியையும் எடுத்துவிட வேண்டும்.

அளவுக்கோல் (பதில்):

அடையாளம் பற்றி மேலே சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. கீட்டோ ஏன் நின்றது என்பதற்கு மட்டும் வருகிறேன்: அது நைட்ரஜன் பட்டினியில் இருக்கிறது.

மிதவை உயிரிகளுக்கான ரெட்ஃபீல்டு விகிதம், அதாவது 106 கார்பனுக்கு 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ் என்பது பலருக்கும் தெரியும். அட்கின்சனும் ஸ்மித்தும் 1983-இல் கடலடித் தாவரங்களுக்குக் கண்ட இடைநிலை விகிதம் 550:30:1. இது அணுக்களின் கணக்கு. எடையில் மாற்றினால் 1 பங்கு பாஸ்பேட்டை உள்ளிழுக்க ஏறத்தாழ 20 பங்கு நைட்ரேட் வேண்டும். உங்கள் பாஸ்பேட்டை 0.15-லிருந்து 0.05-க்கு இறக்க, லிட்டருக்கு 2 மில்லிகிராம் நைட்ரேட் செலவாகும். சுழியத்தில் நிற்கும் நீரில் அது எங்கிருந்து வரும்? பாறைகளும் உறிஞ்சிவைத்த பாஸ்பேட்டை மெல்ல விடுவிக்கும் என்பதால் உண்மையான தேவை இன்னும் கூடும்.

340 லிட்டரில் நைட்ரேட்டை லிட்டருக்கு 1 மில்லிகிராம் உயர்த்த ஏறத்தாழ 0.47 கிராம் தூய சோடியம் நைட்ரேட் போதும். நாளொன்றுக்கு அதற்கு மேல் சேர்க்காமல், தினமும் சோதித்து, லிட்டருக்கு 2 முதல் 5 மில்லிகிராம் வரை நிலைநிறுத்துங்கள். வெளிறிய பாசியைக் கண்டதும் இரும்புச்சத்துக் கரைசலை ஊற்றுவது வழக்கமாகிவிட்டது; நைட்ரஜன் இல்லாத இடத்தில் அதனால் பயனில்லை. பச்சை திரும்பும் வரை அறுவடையை நிறுத்துங்கள்; பிறகு ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். பந்து உருண்டு சுழலும் அளவுக்கு நீரோட்டம் இருந்தால்தான் உட்புற இழைகளுக்கும் ஒளி கிட்டும்.

உவர்க்கரை (பதில்):

காலெர்ப்பாவை முறையாகக் கத்தரித்து ஆண்டுக்கணக்கில் வைத்திருப்போர் உண்டு. 24 மணி நேர விளக்கு அதன் இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போடும் என்றும் சொல்வர். ஆனால் நீங்கள் இரவு விளக்கால், இருளில் நேரும் பிஹெச் (நீரின் அமில-கார அளவு) வீழ்ச்சியைத் தணிக்கிறீர்கள். அந்த ஏற்பாட்டை இதற்காகக் குலைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எடுக்கும்போது பிய்க்காமல், மணலோடு சேர்த்து ஓடுகொடியின் முனையிலிருந்து உரித்தெடுங்கள். அறுந்த சிறு துண்டும் மீண்டும் தழைக்கும்.

எடுத்ததைக் கழிவுநீரில் போட வேண்டாம். டாக்சிஃபோலியா 1984-இல் மொனாக்கோ கரையோரத்தில் காணப்பட்டு மத்திய தரைக்கடலில் பரவியதும், 2000-இல் கலிபோர்னியாவில் தோன்றி, அதை ஒழித்ததாக அறிவிக்க 2006 ஆனதும் காட்சித் தொட்டிப் பாசியின் கதைதான். நன்றாகக் காய வைத்து அல்லது உறையவைத்துக் குப்பையில் சேருங்கள். அந்த இடத்தில் கிரேசிலேரியாவை, அதாவது கஞ்சிப்பாசியின் பேரினத்தைச் சேர்ந்த சிவப்புப் பாசியை வைத்தால், பாசி தின்னும் டாங் மீன்களுக்கு உணவாகவும் ஆகும்.

அலைத்தொட்டி (மறுமொழி):

வில்லையில் பார்த்தேன். குஞ்சத்தின் இழைகள் கிளைத்தே இருக்கின்றன. சுவரிலிருந்து சுரண்டி, கீட்டோ பந்தின் அந்த ஓரத்தையும் வெட்டி எறிந்துவிட்டேன். கொடியின் இரண்டு இலைகளில் வலைப்பின்னல் தெளிவாகத் தெரிந்ததால் காத்திருக்கவில்லை. முழுவதையும் உரித்தெடுத்து உறைபெட்டியில் வைத்துள்ளேன், நீரைத் தூய்மையாக்கப் புதிய ஆக்டிவேட்டட் கார்பனும் போட்டிருக்கிறேன். நைட்ரேட் சேர்ப்பதை நாளை தொடங்குகிறேன்.