புதுப்பிப்பு: டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் மார்பில் வந்த கட்டியும்

டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி தொடங்கிய ஐந்தாவது மாதம் இடது காம்புக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் கட்டி, பனியன் உரசினாலே வலி என்று மூன்று மாதம் முன்பு எழுதியிருந்தேன். மருத்துவரிடம் போகச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போனேன்.

இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார், ஸ்கேனும் எடுத்தார். கொழுப்பு இல்லை, சுரப்பித் திசுதானாம். ஊசியில் ஏறும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை, உடம்புக் கொழுப்பில் இருக்கும் அரோமட்டேஸ் என்ற நொதி எஸ்ட்ராடியோல் என்ற பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. திசுவை வளர்ப்பது அதுதான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை 250 மி.கி. மொத்தமாகப் போட்டதில் முதல் சில நாள் ரத்தத்தில் ஹார்மோன் அளவு எகிறியிருக்கிறது. இப்போது வாரம் 80 மி.கி.

கூடவே தினம் 10 மி.கி. தமாக்சிஃபென், மார்புத் திசுவில் எஸ்ட்ராடியோல் வேலை செய்யாமல் தடுக்கும் மாத்திரை. ரத்தம் உறையும் அபாயம் உண்டு என்பதால், குடும்பத்தில் யாருக்காவது காலில் ரத்தக்கட்டு வந்ததா என்று விசாரித்த பிறகே எழுதிக் கொடுத்தார். அரோமட்டேஸையே தடுக்கும் அனஸ்ட்ரசோல் மாத்திரை பற்றிக் கேட்டேன். எஸ்ட்ராடியோல் ரொம்பக் குறைந்தால் எலும்பு பலவீனமாகும், வேண்டாம் என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

மூன்றாவது வாரமே வலி போய்விட்டது. கட்டி இப்போது மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு வருடம் போல விட்டிருந்தால் திசு நாராக இறுகி, அறுவை சிகிச்சைதான் வழி என்றார். இதே வலி இருப்பவர்கள் தயவுசெய்து வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள். ஊசியை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

அடுத்த மாதம் எஸ்ட்ராடியோல், ஹீமாடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) இரண்டும் பார்க்க வேண்டும். முடிவு வந்ததும் எழுதுகிறேன்.