மழையோடு வந்த மருந்து

காற்றில் கலந்த விஷம் எங்கே போய் இறங்குகிறது? மூன்று ஊர்களிலிருந்து மூன்று பேர் சொல்வது:

டுலூத்திலிருந்து (அமெரிக்கா):

மூன்று வருடங்களுக்கு முன் ஐல் ராயல் தீவுக்குப் போயிருந்தோம். அமெரிக்கா, கனடா எல்லையிலுள்ள சுப்பீரியர் ஏரிக்குள் இருக்கும் தீவு. ஹோட்டன் நகரிலிருந்து கப்பலில் ஆறு மணி நேரம். வயல் கிடையாது, ஆலை கிடையாது. தீவுக்குள்ளே சிஸ்கிவிட் என்று இன்னோர் ஏரி. இதைவிடச் சுத்தமான தண்ணீர் ஏது என்று நான் வியந்ததும், பக்கத்துக் கூடாரத்து முதியவர் சிரித்தார். 1970களிலேயே இந்த ஏரி மீனில் பிசிபி என்ற தொழிற்சாலை விஷம் அகப்பட்டதாம். சிஸ்கிவிட், சுப்பீரியரைவிட 17 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழேயுள்ள தண்ணீர் மேலே ஏற வழியில்லை. அப்படியானால் வானத்திலிருந்துதான் இறங்கியிருக்க வேண்டும். தான் பிடித்த டிரவுட் மீனை அவர் ஆய்ந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது: தோலை உரித்தார், வயிற்றோரக் கொழுப்பை ஒரு விரல் அகலத்துக்கு அரிந்து ஒதுக்கினார். அந்த விஷம் கொழுப்பில்தான் தங்கும். ருசியும் அங்கேதானே என்று என் மனைவிக்கு இன்றுவரை ஆதங்கம்.

விருதுநகரிலிருந்து:

அப்பா பருத்திக்கு எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்து அடித்த காலத்தில் விடியற்காலையில்தான் டேங்கை முதுகில் மாட்டுவார். வெயில் ஏறினால் மருந்து ஆவியாகிவிடும், காசுக்குப் பிடித்த கேடு என்பார். 2011இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதுவரை, ஆவியானது எங்கே போயிற்று என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை, நானும்தான்.

ஆன் ஆர்பரிலிருந்து (அமெரிக்கா):

இந்த நாட்டிலும் பருத்திதான். அமெரிக்காவின் தெற்கே பருத்தி வயல்களில் டாக்ஸாஃபீன் என்ற பூச்சிமருந்தை வாரி இறைத்தார்கள். சூட்டில் ஆவியாகி, காற்றோடு வடக்கே வந்து, குளிர்ந்த இடத்தில் மழையோடும் பனியோடும் இறங்கிவிடும். 1982இல் பெரும்பாலான பயன்பாட்டை நிறுத்தியும் தொண்ணூறுகளில் சுப்பீரியர் மீனில் அது இருந்தது. அகன்ற, குளிர்ந்த ஏரி, வந்ததை லேசில் விடாது. உள்ளே வந்த தண்ணீர் வெளியேறவே சுமார் 190 வருடம் ஆகும்.

மாணவனாக இருந்தபோது சுப்பீரியர் கரையிலுள்ள ஈகிள் ஹார்பரில் மழை பிடிக்கும் பெட்டியைப் பார்த்தேன். காற்றிலும் மழையிலும் வரும் விஷத்தை அளக்க அமெரிக்காவும் கனடாவும் 1990இல் சேர்ந்து தொடங்கிய கண்காணிப்பின் பகுதி அது. மழை பட்டதும் மூடி தானே திறக்கும், நின்றதும் மூடிக்கொள்ளும். நீர் பிசின் நிரப்பிய ஒரு குழாய் வழியே வடியும்போது விஷம் பிசினில் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே தூறல் விழ, மூடி மெல்ல விலகியது. அதற்குள் என் உதட்டில் இரண்டு துளி. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டேன்.